ஐந்து நாள் உறையாத பால்

மாடு இல்லாமல் மாட்டாஸ்பத்திரிக்கு வந்த ஆளை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

தை மாதக் காலை. ஓசூர்ப் பனி இன்னும் தரையை விட்டு எழும்பவில்லை. அரசாங்கக் கால்நடைப் பண்ணையின் சிகிச்சைக் கொட்டகை முன்னால் ஏழெட்டுப் பேர் மாடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாடுகளின் மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பினாயில் வாடையும் புதுச் சாணி வாடையும் கலந்த காற்று. அந்தக் கூட்டத்தில் நஞ்சப்பன் மட்டும் தோளில் கம்பளியைப் போட்டுக்கொண்டு, கைகளை அதற்குள் இடுக்கிக்கொண்டு, வெறுமனே நின்றான்.

ஜூஜுவாடிப் பக்கத்துக் கிராமத்துக்காரன். என் வயதுதான் இருக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால் அவன் வீட்டுப் பசுவுக்கு மடிநோய் வந்து, நான் நாலு நாள் சைக்கிளில் போய் வைத்தியம் பார்த்திருந்தேன்.

“என்ன நஞ்சப்பா, பசு எங்கே? மறுபடி மடி வீங்கிடுச்சா?”

“இல்லீங்க சாமி. பசு நல்லா இருக்குது.”

“அப்புறம்?”

“எல்லாரும் போவட்டுங்க.”

எல்லாரும் போக வெயில் வந்துவிட்டது. கடைசி எருமையும் கேட்டைத் தாண்டியபின் அருகில் வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“மாட்டுக்கு ஊசி வெச்சிருக்கீங்க. பொம்பள கை ராசிக்கு ஏதாச்சும் மருந்து இருக்குதுங்களா?”

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மூன்று வாரத்தில் அவன் கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன.

தனிக் குவார்ட்டர்ஸ்

அந்தக் கேள்வியின் கதையைச் சொல்வதற்கு முன்னால், அப்போது நான் எப்படி இருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு மூலை. இன்றைக்கு ஷிப்ட் முடிந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்குகிற இடங்களில் அன்று கேழ்வரகும் அவரையும் விளைந்தன. கெலவரப்பள்ளியில் அணை கிடையாது, ஆறு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சந்தையில் ஒருவர் தெலுங்கில் கேட்பார், இன்னொருவர் கன்னடத்தில் பதில் சொல்வார், சண்டை வந்தால் இருவரும் தமிழுக்கு வந்துவிடுவார்கள். பாளையங்கோட்டையிலிருந்து போன எனக்கு முதல் ஆறு மாதம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பண்ணையில் எனக்கு முக்கிய வேலை சினை ஊசி. நல்ல சாதிக் காளையின் விந்தை எடுத்து, முட்டை மஞ்சள் கருவும் மருந்தும் சேர்த்து, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். எந்தப் பசு ஒரே ஊசியில் சினை பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை, ஏன் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வர வேண்டும். ஊர்க்காரர்கள் எனக்கு வைத்த பெயரை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள். ஆனால் கன்று பிறந்ததும் வெல்லத்தோடு வந்து நிற்பார்கள்.

என் மனைவி ரூபியும் முதல் வருஷம் அங்கேதான் இருந்தாள். எங்கள் குவார்ட்டர்ஸைச் சுற்றிச் சில்வர் ஓக் மரங்கள். குளிருக்கு என்னுடைய காலுறையைப் போட்டுக்கொண்டுதான் சமைப்பாள்.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை. மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நர்ஸம்மா என்னிடம் தந்தார். ரூபிக்குக் காய்ச்சல் ஏறி இரண்டு நாள் நினைவு தப்பியிருந்தது. அவள் கண் விழிப்பதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுவதுதான் நல்லது என்று எல்லாரும் சொன்னார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலையில் இடம் கொடுத்தார்கள். உபதேசியார் ஜெபம் சொன்னார். நான் முடித்துவிட்டு வந்தேன். நாலாம் நாள் வேலைக்குப் போனேன்.

அதற்கப்புறம் வீட்டில் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. எடுத்தால் அவள் உடைந்துபோவாள் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து அவளுடைய அம்மா வந்து, “கொஞ்ச நாள் எங்ககூட இருக்கட்டும்” என்று பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். நஞ்சப்பன் என் முன்னால் வந்து நின்ற அன்றைக்கு அவள் போய் ஏழு மாதம். கடிதம் வரும். ‘நலம். நலமறிய ஆவல்.’ அதற்குமேல் மூன்று வரி இருக்காது. அந்த மூன்று வரியைக் கட்டிலில் படுத்துக்கொண்டு முப்பது தடவை படிப்பேன்.

ரூபி இருந்திருந்தால் இதையெல்லாம் எழுத விட்டிருப்பாளோ என்னவோ. அவள் போய்ச் சேர்ந்து இப்போது பல வருஷமாகிறது. நல்ல வார்த்தை, கெட்ட வார்த்தை, எதுவானாலும் அவளிடமிருந்து ஒன்று கேட்டால் தேவலை என்றிருக்கிறது.

கெம்பம்மா வீட்டில் நடந்தது

நஞ்சப்பன் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

அவன் அம்மா கெம்பம்மா. அந்தப் பக்கத்தில் அவர்கள் வீட்டுத் தயிருக்குப் பெயர் உண்டு. எல்லை தாண்டி அத்திப்பள்ளி ஓட்டல்களுக்குப் போகும். கவிழ்த்தாலும் விழாத தயிர் என்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் வேப்பனப்பள்ளியிலிருந்து பாக்கியம் மருமகளாக வந்தபின், பால் காய்ச்சி உறை ஊற்றுவது அவள் வேலையாயிற்று.

நான் பசுவுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து அந்த வீட்டில் பால் உறையவில்லை. காலையில் மூடியைத் திறந்தால் ஊற்றிய பால் ஊற்றியபடியே கிடக்கிறது. புளியைப் போட்டுச் சட்டியைத் தேய்த்தார்கள். சட்டியை மாற்றினார்கள். இரண்டு தரம் காய்ச்சினார்கள். பக்கத்து வீட்டு உறைமோர் வாங்கி ஊற்றினார்கள். ஐந்து நாள். ஓட்டல்காரர்கள் வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

வீட்டுத் தயிர் உறையவில்லை என்று யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். என்னிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் நான் போனபோது பாக்கியம்தான் பசுவின் கழுத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. பார்த்தேன். அடுப்புப் புகையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பசு இரண்டு சினை ஊசிக்கும் சினை பிடிக்கவில்லை. பாக்கியத்துக்கும் இன்னும் பிள்ளை இல்லை. கெம்பம்மா எல்லாவற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள்.

“பசுவுக்கு நிக்கல, இவ வயித்துலயும் நிக்கல, இப்போ பாலும் நிக்கல. இந்தக் கை வீட்டுல இருந்தா கொட்டகையே காலியாப் போவும்.”

ஆறாம் நாள் காலை பாக்கியத்தைப் பஸ் ஏற்றிவிட்டார்கள். அன்று சாயங்காலம் கெம்பம்மா தன் கையால் உறை ஊற்றினாள். மறுநாள் காலை தயிர் கெட்டியாக உறைந்திருந்தது.

“அதுக்கப்புறம் நான் என்ன சாமி பேசறது?” என்றான் நஞ்சப்பன். “ஊரே வந்து சட்டியப் பாத்துட்டுப் போவுது. ஆனா அவ இல்லாம வீடு வீடா இல்லீங்க. அவளுக்குக் கை ராசிக்கு ஒரு மருந்து குடுத்தீங்கன்னா, அம்மா ஒத்துக்கும்.”

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவன் சொல்லச் சொல்ல எனக்குள் நாட்கள் ஒன்றோடொன்று பொருந்திக்கொண்டு வந்தன. நான் அந்தப் பசுவின் மடிக்காம்புக்குள் ஏற்றியது பென்சிலின். அப்போது எங்களுக்குக் கைக்கு வந்திருந்த புது மருந்து. சீழும் ரத்தமுமாக வந்த காம்பில் இரண்டாம் நாளே வெள்ளைப் பால் வரும். “திரிதிரியா வர்ற வரைக்கும் கறந்து கொட்டுங்க. வெள்ளையா வந்துட்டாப் புழங்கலாம்” என்று சொன்னது நான்தான்.

மடியில் இருக்கும் கிருமியைக் கொல்கிற மருந்து பாலோடு வெளியே வந்தால், பாலைத் தயிராக்குகிற கிருமியை மட்டும் விட்டுவைக்குமா? கல்லூரியில் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் யோசித்திருக்கலாம். நான் யோசிக்கவில்லை.

தம்ளர்கள்

பண்ணையில் அப்போது மடிநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சிந்தி இனப் பசு ஒன்று இருந்தது. வேளா வேளைக்கு அதன் பாலை எடுத்துக் காய்ச்சி, ஒவ்வொன்றையும் ஒரு தம்ளரில் உறை ஊற்றி, ஆய்வுக்கூட மேஜையில் வரிசையாக வைத்தேன். பக்கத்திலேயே நல்ல பசுவின் பால் ஒரு வரிசை. நல்ல பசுவின் பால் எல்லாமே உறைந்தது. சிந்தியின் பால் கடைசி மருந்து ஏற்றி மூன்றாம் நாள் வரை உறையவே இல்லை. காய்ச்சினாலும் மருந்து போகவில்லை. நல்ல பாலில் கொஞ்சம் அதைக் கலந்தாலும், நல்ல பாலும் கெட்டது. வெளிநாடுகளில் பாலாடைக்கட்டி செய்கிறவர்கள் இதே தொல்லையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று பின்னால்தான் படித்தேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனேன். எங்கள் மேலதிகாரியை அப்படித்தான் அழைப்போம். நல்ல மனிதர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பார்த்தது சரி. எழுதினதும் சரி. ஆனா ஊருக்குள்ள போய்ச் சொல்லாதேய்யா.”

“ஒரு பெண்ணை வீட்டை விட்டே அனுப்பிட்டாங்க சார்.”

“அது அவங்க குடும்ப விஷயம். ஊசின்னா ஓடின ஜனம் இப்பத்தான் மாட்டை ஓட்டிட்டு வருது. மருந்து பாலைக் கெடுக்குதுன்னு ஒரு சொல் போச்சுன்னா, நாளைக்கு இந்தக் கொட்டகைக்கு ஒரு மாடு வராது. எத்தனை மாடு சாகும், யோசி.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். சரி என்று விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். மூன்றாம் நாள் காலை நஞ்சப்பன் மறுபடியும் வந்து, கொட்டகைக்கு வெளியே, அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் பெரிய டாக்டரிடம் மறுபடி கேட்கவில்லை.

“வா. ரெண்டு மாட்டையும் நீயே கற,” என்றேன்.

இரண்டு சட்டிகள்

மடிநோய் திரும்பி முந்தின நாள் மறுபடி மருந்து ஏற்றியிருந்த சிந்திப் பசுவின் பாலை ஒரு தூக்கிலும் நல்ல பசுவின் பாலை இன்னொரு தூக்கிலும் நஞ்சப்பனே கறந்தான். சைக்கிளில் அவனைப் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போனேன். கெம்பம்மா வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான, வேகமான பெண்மணி. கணவர் இறந்தபின் ஒற்றை ஆளாகத் தயிர்ச் சட்டி சுமந்து மகனை வளர்த்தவள். அதை நான் மறந்துவிடக் கூடாது.

“அம்மா, ரெண்டு பால் கொண்டு வந்திருக்கேன். நீங்களே காய்ச்சுங்க. உங்க சட்டி, உங்க உறைமோர், உங்க கை. நான் தொடவே மாட்டேன்.”

“எதுக்கு சாமி?”

“காலையில சொல்றேன்.”

சந்தேகத்தோடுதான் செய்தாள். ஒரே கரண்டி மோரை இரண்டிலும் பாதிப் பாதியாக ஊற்றி மூடினாள்.

மறுநாள் காலை நான் போனபோது சட்டிகளை வாசலுக்கே கொண்டுவந்து வைத்திருந்தாள். ஒன்றில் தயிர். இன்னொன்றில் பால். இரண்டாவது சட்டியைச் சாய்த்துப் பார்த்தாள். விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

“இது என் கை,” என்றாள்.

நான் மருந்தைப் பற்றிச் சொன்னேன். நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அந்தப் பொண்ணு அஞ்சு நாளும் சட்டியத் தேச்சுத் தேச்சுக் கை தோலு உரிஞ்சுபோச்சு சாமி. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

மகனைப் பார்த்துக் கன்னடத்தில் சொன்னாள்: “ஹோகு. கர்க்கொண்டு பா.” போய்க் கூட்டிக்கொண்டு வா.

வேப்பனப்பள்ளியில்

நஞ்சப்பன் தனியாகப் போக மாட்டேன் என்றான். நான் வந்து சொன்னால்தான் மாமனார் நம்புவார் என்றான். கிருஷ்ணகிரி போய், அங்கிருந்து வேறு பஸ். வழியெல்லாம் மாந்தோப்பு, மாம்பூ வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்தது. நஞ்சப்பன் மடியில் ஒரு பை வைத்திருந்தான். அத்திப்பள்ளிக் கடையில் வாங்கிய வளையல். உடையாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டே வந்தான்.

பாக்கியம் களத்தில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவள் அப்பா கட்டில் போட்டு உட்காரச் சொன்னார். நானே எல்லாவற்றையும் சொன்னேன்.

“தப்பு என்னோடதும்மா. உன் கைமேல ஒண்ணும் இல்லை.”

“தெரியும் சாமி,” என்றாள்.

“எப்படித் தெரியும்?”

“என் கை எனக்குத் தெரியாதுங்களா?”

நஞ்சப்பன் பையை நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவனைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டாள்.

“ஒக்க மாட்டைனா செப்பினாவா?”

ஒரு வார்த்தையாவது சொன்னாயா என்று. அந்த அளவுக்குத் தெலுங்கு அதற்குள் எனக்கு வந்திருந்தது.

“அம்மாவ எதுத்து நான் எப்பிடி...” என்று அவன் தொடங்கினான்.

“அத்தைய எதுக்கச் சொல்லல.” எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ அவள் தமிழுக்கு வந்தாள். “எங்கிட்ட. அஞ்சு நாளு ஒரே வீட்டுல இருந்தோம். சோறு போட்டேன், தின்ன. ‘இது உன்னால இல்ல பாக்கியம்’னு எங்கிட்ட ஒரு வார்த்தை. அது போதும்னு பாத்துட்டே இருந்தேன். பஸ்ஸுல ஏறி உக்காந்தும் பாத்தேன். நீ மாட்டப் பாக்கறாப்பல நின்னுட்டு இருந்த.”

களத்தில் புளி உடைக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது.

“இன்னிக்கி நான் வரல. நீ வா. வந்து பேசு. உனக்குப் பேச வருதான்னு பாக்கறேன்.”

அவள் மறுபடி உட்கார்ந்து கொட்டை எடுக்கத் தொடங்கினாள். உள்ளங்கையில் தோல் உரிந்த தடம் இன்னும் மறையவில்லை.

பஸ் வரும்வரை நஞ்சப்பனும் நானும் ஒரு மாமரத்தடியில் நின்றோம். அவன் கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் கேட்ட கேள்வி எனக்கும் சேர்த்துக் கேட்டதாகவே இருந்தது. குழந்தை போனபின் அந்த ஒரு மாதமும் நானும் ஒரே வீட்டில்தான் இருந்தேன். ரூபி போட்ட சோற்றைத் தின்றேன். அவள் கிளம்பின அன்று பஸ் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைச் சரியாக வைத்தாயிற்றா என்று கேட்டேன்.

கிருஷ்ணகிரியில் நஞ்சப்பனை ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பெரிய டாக்டருக்கு ஒரு லீவு சீட்டு எழுதி அவன் கையில் கொடுத்துவிட்டு, சேலம் பஸ்ஸில் ஏறினேன். மாற்றுத் துணிகூட இல்லை.

பின்னால் நடந்தவை

நஞ்சப்பன் வாரத்துக்கு ஒருமுறை வேப்பனப்பள்ளிக்குப் போய்வந்தான். முதல் நாலைந்து வாரம் என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. உகாதிக்குக் கெம்பம்மாவே புதுச் சேலையோடு போனாள். கேழ்வரகு விதைப்புக்கு முன்னால் பாக்கியம் வந்துவிட்டாள். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் அவளை ஒரு சொல் சொன்னதாக அப்புறம் நான் கேள்விப்படவில்லை.

ஊருக்குள் சொன்னதற்காகப் பெரிய டாக்டர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு அவரே ஒரு உத்தரவு எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டினார்: மருந்து ஏற்றிய மாட்டின் பாலைக் கடைசி மருந்துக்குப் பின் மூன்று முழு நாள் புழங்கக் கூடாது, மனிதருக்கும் கொடுக்கக் கூடாது. தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதியிருந்தார். மாடுகள் வராமல் போகவில்லை.

பாளையங்கோட்டை

இரண்டு ரயில் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது நடுப்பகல். சட்டையெல்லாம் கரி. ரூபி பின்கட்டில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். மெலிந்திருந்தாள்.

“என்ன இப்படி வந்திருக்கிய? உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?”

“இல்லை.”

அவளுடைய அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு ஒன்றும் நினைவில் இல்லை. அதனால் நஞ்சப்பன் கதையையே சொன்னேன். உறையாத பால், இரண்டு சட்டி, புளிக்களம், பாக்கியம் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் முடித்ததும் மெஷினில் இருந்த துணியை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

“ஒண்ணு கேட்கட்டுமா?”

“கேளு.”

“பிள்ளைக்கு முடி இருந்துச்சா?”

எட்டு மாதமாக அவள் சுமந்துகொண்டிருந்த கேள்வி அது. அவளுக்கு நெருங்கியவர்களில் அந்த முகத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நான் அவளிடம் ஒரு வரி சொன்னதில்லை.

“இருந்தது. நிறைய. கறுப்பா, நெத்தி வரைக்கும்.”

“விரல்?”

“நீளம். உன் விரல் மாதிரி.”

“கண்ணு?”

“மூடியிருந்தது. இமையில மயிர்கூட நல்லா வந்திருந்தது.”

அவள் அழத் தொடங்கினாள். நான் எழுந்து பக்கத்தில் போனேன்.

“நீங்க இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை?”

“சொன்னா நீ அழுவியேன்னு.”

“அழக் கூடாதா நான்?”

நான் மறுபடி தரையில் உட்கார்ந்தேன். அவள் மெஷினை விட்டு இறங்கித் தரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“முதல்லருந்து சொல்லுங்க,” என்றாள். “அந்த நர்ஸம்மா கையிலருந்து நீங்க வாங்கினியளே, அங்கேருந்து.”

சொன்னேன்.